கைநாட்டு யாருடையது, முடிவு யாருடையது?

(கொல்லிமலை செம்மேட்டில் மாணவர்களுக்காக நடந்த முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"நோயுற்ற குழந்தையும் பெற்றோரின் முடிவும்"னு எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கீங்க. கவிதை எழுதறவன்னு கூப்பிட்டிருக்கீங்க. ஆனா இன்னைக்கு நான் வங்கி குமாஸ்தாவாத்தான் பேசப்போறேன். இந்தத் தலைப்பைப் பத்தி எனக்கு அதிகமா சொல்லிக்கொடுத்தது என் மேசை மேல இருக்கிற மைப்பெட்டி. கைநாட்டு வைக்கிறதுக்கு வச்சிருக்கிற மைப்பெட்டி.

எங்க வேலையில ஒரு விதி இருக்குது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கணக்குத் தொடங்க வந்தா, அந்தக் கணக்கோட நிபந்தனைகளை அவங்களுக்குப் புரியற மாதிரி அதிகாரி எடுத்துச் சொல்லணும். போட்டோ ஒட்டணும். பணம் எடுக்க அவங்களே நேர்ல வரணும். முகத்தையும் போட்டோவையும் ஒப்பிட்டுப் பார்க்கணும். நம்ம கண்ணு முன்னால ரேகை வைக்கச் சொல்லி வாங்கணும். அஞ்நூறு ரூபாய் எடுத்தாலும் இதுதான் நடைமுறை. ஏன் இவ்வளவு? கைநாட்டு வைக்கிறவரை ஏமாத்துறது சுலபம்னு வங்கிக்குத் தெரியும். பின்னால வழக்கு வந்தா, "எனக்கு யாரும் சொல்லலை"ன்னு அவர் சொன்னா, அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்குதுன்னும் தெரியும்.

இன்னொரு காகிதம் இருக்குது. உங்கள்ல பல பேர் அதைப் பார்த்திருப்பீங்க. ஆஸ்பத்திரியில, பிள்ளையோட கேஸ் சீட்டுக்குப் பின்னால, ரெண்டு வரி. மருத்துவர் சொன்னதுக்கு மாறா, எங்க சொந்தப் பொறுப்புல பிள்ளையைக் கூட்டிட்டுப் போறோம், எது நடந்தாலும் நாங்களே பொறுப்புங்கிற மாதிரி ரெண்டு வரி. அதுக்குக் கீழே ஒரு ரேகை. அந்த ரெண்டு வரியை அந்த அம்மாவுக்கு யாராவது நிதானமா படிச்சுச் சொன்னாங்களா? ஏன் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டு அந்தக் காரணத்தை எழுதினாங்களா? பெரும்பாலும் இல்லை. அஞ்நூறு ரூபாய்க்கு இருக்கிற காவல் ஒரு பிள்ளையோட உயிருக்கு இல்லை.

நான் இங்கே பேச வந்தது இந்த ரேகையைப் பத்தித்தான். அதைப் பார்த்து "பெற்றோரின் முடிவு"ன்னு சொல்றாங்களே, அது யார் எடுத்த முடிவு?

*

போன வருசம் வளப்பூர் நாட்டுப் பக்கம் இருந்து ஒரு அம்மா வந்தாங்க. கணக்குல இருந்தது ஆயிரத்துச் சொச்சம். மொத்தமும் வேணும்னாங்க. "கொஞ்சம் விட்டுட்டு எடுங்கம்மா"ன்னேன். வழக்கமா சொல்ற வார்த்தை. அப்பத்தான் சொன்னாங்க, மூணு வயசுப் பையனைக் கீழே ஆஸ்பத்திரியில சேர்த்திருக்குதாம். ரத்தம் ஏத்திட்டாங்களாம். இன்னும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், போறதும் போகாததும் நீங்க முடிவு பண்ணுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாராம். வீட்டுக்காரர் மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கார். வீட்டுல இன்னும் ரெண்டு பிள்ளைங்க, மாமியாருக்குக் கண்ணு தெரியாது. மரவள்ளிக் காட்டுல கிழங்கு பிடுங்குற நேரம்.

"நீங்க என்னம்மா முடிவு பண்ணியிருக்கீங்க?"ன்னு நானும் கேட்டேன். கேட்ட பிறகுதான் அதே கேள்வியை நானும் கேட்டுட்டேன்னு உறைச்சது. அந்த அம்மா சொன்னாங்க: "நான் என்னத்தங்க சாமி முடிவு பண்றது. இந்தக் காசுக்கு எத்தனை நாளோ அத்தனை நாள் இருப்பேன்."

இதை உங்க பாடப்புத்தகத்து மொழியில சொன்னா, அந்தத் தாய் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுத்தார். நடந்தது என்ன? காரவள்ளியில இருந்து மேலே வர்ற 70 கொண்டை ஊசி வளைவு ஒரு பங்கு முடிவு எடுத்தது. வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் இல்லாமப் போற கூலி ஒரு பங்கு எடுத்தது. பார்த்துக்க ஆளில்லாத ரெண்டு பிள்ளைங்க ஒரு பங்கு. "மலைக்காரங்களுக்குச் சொன்னா எங்கே புரியப்போகுது"ங்கிற கீழ்நாட்டுப் பொதுப்புத்தி ஒரு பங்கு. எல்லாம் போக மிச்சம் இருந்ததை அந்தத் தாய்கிட்ட நீட்டி, இதுல ரேகை வைன்னாங்க.

நான் மருத்துவர்களைக் குற்றம் சொல்லி முடிச்சுக்க வரலை. அரசு மருத்துவமனையில ஒரு டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பிள்ளைங்களைப் பார்க்கிறாங்கன்னு நமக்குத் தெரியும். அந்தக் காகிதம் அவருக்கும் ஒரு கவசம். நாளைக்கு வழக்கு வந்தா, ஊர் திரண்டு வந்தா, காட்டுறதுக்கு. அதனாலதான் சொல்றேன், அந்தக் காகிதம் யாரோட பயத்துல இருந்து பிறந்ததுன்னு பாருங்க. பிள்ளைக்காகப் பிறந்தது இல்லை அது.

*

இந்த அறம் பத்தி உலகத்துல நிறைய எழுதியிருக்காங்க. அதைப் படிக்க வேண்டாம்னு சொல்ல மாட்டேன். சாரம் இதுதான்: பிள்ளையால தனக்காகப் பேச முடியாது. யாராவது பேசணும். பெத்தவங்களுக்குப் பிள்ளை மேல பாசம் இருக்குது, பிள்ளையைத் தெரியும், முடிவோட விளைவைச் சுமக்கப் போறதும் அவங்கதான். அதனால அவங்க பேசலாம். ஆனா பெத்தவங்க விருப்பமும் பிள்ளையோட நலனும் எப்பவும் ஒண்ணா இருக்காது. முட்டிக்கிற இடத்துல பிள்ளையோட நலன்தான் பெரிசு. 1989 ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையோட 3ஆவது பிரிவு இதைத்தான் சொல்லுது. 1992இல் இந்தியாவும் அதை ஏத்துக்கிட்டது.

2017இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில ஒரு கைக்குழந்தையோட வழக்கு. தீராத பரம்பரை நோய். செயற்கை சுவாசத்தை எடுத்துடலாம், குழந்தையை இதுக்கு மேல வதைக்க வேண்டாம்னு டாக்டர்கள் சொன்னாங்க. பெத்தவங்க முடியாதுன்னாங்க. அமெரிக்காவுக்குக் கொண்டு போய் புதுச் சிகிச்சை பார்க்கணும்னாங்க. சனங்க பத்து லட்சம் பவுண்டுக்கு மேல பணம் திரட்டிக் கொடுத்தாங்க. நீதிமன்றம் மேல நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போச்சு. மருத்துவர்கள் சொன்னதே நின்னது. அந்த ஜூலையில குழந்தை இறந்துபோச்சு. யார் சொன்னது சரின்னு இன்னைக்கும் வாதம் நடக்குது.

இதை ஏன் சொல்றேன்னா, அங்கே சண்டை எங்கே தொடங்குது பாருங்க. பிள்ளை படுக்கையில இருக்குது. மருந்து இருக்குது. பெத்தவங்க பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க, அவங்களுக்கு வக்கீல் இருக்கார். பிள்ளைக்குத் தனியா ஒருத்தரை நீதிமன்றமே வைக்குது. இதெல்லாம் இருந்த பிறகு, "யார் முடிவு செய்வது?"ன்னு கேள்வி வருது. நம்ம சனங்களுக்கு இந்தக் கேள்வி வர்றதுக்கு முன்னாலேயே பிள்ளை பஸ் ஏறிடுது. எந்த நீதிபதி முன்னாலயும் நிக்காம, எந்தப் பத்திரிகையிலயும் வராம, மடியில படுத்துக்கிட்டு வீடு திரும்புது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம நாமக்கல் மாவட்டத்துலயே 2021இல் ஒரு பெண்குழந்தைக்குத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய். ஒரே ஒரு ஊசி, விலை 16 கோடி ரூபாய். அந்தப் பெத்தவங்க ஊரு உலகமெல்லாம் கையேந்தினாங்க. முகம் தெரியாதவங்க கொடுத்தாங்க. மத்திய அரசு இறக்குமதி வரியைத் தள்ளுபடி பண்ணுச்சு. ஊசி போட்டாங்க. சந்தோசம். மனசாரச் சொல்றேன், அந்தக் குழந்தை நல்லா இருக்கணும். ஆனா அதே மாவட்டத்துல, இந்த மலை மேல, 16 கோடி இல்லீங்க, பதினாறு நாள் கூலியும் போக்குவரத்துச் செலவும் இல்லாம எத்தனை பிள்ளைங்க திரும்பி வருதுன்னு யாராவது கணக்கு வச்சிருக்காங்களா? அதிசய நோய்க்கு இரக்கம் கிடைக்குது. சாதாரண நோய்க்குக் கைநாட்டுதான் கேட்கிறாங்க.

2018 மார்ச் 9ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மீள முடியாத நிலையில இருக்கிறவங்களுக்கு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கலாம், கண்ணியமான சாவும் வாழ்வுரிமையில அடக்கம்னு. அதே வருசம் ஆகஸ்டு மாசம் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு கடலூர்ப் பக்கத்துல இருந்து ஒரு தகப்பன் வந்தார். தையல்காரர். ஒன்பது வயசு மகன், பிறந்ததுல இருந்தே மூளை பாதிப்பு, நாளெல்லாம் வலிப்பு. என் மகனுக்குச் சாவைக் கொடுங்கன்னு மனு. நீதிமன்றம் மருத்துவர் குழுவை வச்சுப் பிள்ளையைப் பார்க்கச் சொன்னது. சட்டக்காரங்க அந்த மனுவைக் கருணைக்கொலை வழக்குன்னு வாசிச்சாங்க. நான் வேற மாதிரி வாசிக்கிறேன். ஒன்பது வருசம் தனியாளாச் சுமந்த ஒரு தகப்பன், இனி எனக்குக் கை நோகுதுன்னு சொன்ன மனு அது. அவர் கையில இருந்து கொஞ்ச நேரமாவது வாங்கிக்க ஒரு ஏற்பாடு ஊருல இருந்திருந்தா, அந்த மனு வந்திருக்குமான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

*

சட்டம் பத்தி ரெண்டு சேதி சொல்லணும். களத்துல வேலை செய்யற தோழர்களுக்கு உதவும்.

ஒண்ணு, தாயோட கையெழுத்து. வார்டுல ராத்திரி பகலா உட்கார்ந்திருக்கிறது தாய். ஆபரேசன்னா "அப்பா எங்கே, அவர் வந்து கையெழுத்துப் போடணும்"னு கேட்பாங்க. தகப்பன் கேரளாவுல இருந்து வர்ற வரைக்கும் பிள்ளை காத்திருக்கும். இதுக்கு எங்க துறையில இருந்தே ஒரு வழக்கு இருக்குது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பேர்ல ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனாங்க. தகப்பன்தான் காப்பாளர், அவர் கையெழுத்து வேணும்னு வங்கி திருப்பிடுச்சு. உச்சநீதிமன்றம் வரைக்கும் போனாங்க. 1999இல் தீர்ப்பு. 1956 சட்டத்துல "தகப்பன், அவருக்குப் பிறகு தாய்"னு இருந்துச்சு. அந்த "பிறகு"க்குத் தகப்பன் செத்த பிறகுன்னு மட்டும் அர்த்தம் இல்லை, தகப்பன் பக்கத்துல இல்லாதபோதும் தாய் காப்பாளர்தான்னு நீதிமன்றம் சொன்னது. அந்தச் சட்டம் பழங்குடிகளுக்குப் பொருந்தாதுன்னு அதோட 3ஆவது பிரிவே சொல்லுது. அப்ப இந்த மலையில உங்க வழக்கம்தான் பேசும். உங்க வழக்கத்துல பிள்ளையைப் பெத்து வளர்க்கிற பொம்பளைக்கு அந்தச் சொல் இருக்குதான்னு நீங்களே ஊர்க்கூட்டத்துல கேளுங்க. இல்லைன்னா உண்டாக்குங்க.

இரண்டு, உயிர் போற அவசரத்துல கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை. சம்மதம் வாங்க வழியோ நேரமோ இல்லாதபோது நல்லெண்ணத்தோட சிகிச்சை செய்யற டாக்டரைச் சட்டம் காப்பாத்துது. பழைய தண்டனைச் சட்டத்துல 92ஆவது பிரிவு, 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துல 30ஆவது. அவசரச் சிகிச்சையை மறுக்கக் கூடாதுன்னு 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்குல உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்குது. இதை ஒரு தாள்ல எழுதி ஒவ்வொருத்தரும் பையில வச்சுக்குங்க.

*

அம்பேத்கர் "விசாவுக்காகக் காத்திருத்தல்"ல ஒரு சம்பவம் எழுதியிருக்கார். 1929இல் காந்தியோட யங் இந்தியாவுல வந்த கடிதம். கத்தியவார்ல ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். மனைவிக்குப் பிரசவமாகிச் சில நாள்ல நோய். டாக்டர் சேரிக்கு வரமாட்டேன்னார். பெரிய மனிதர்களைப் பிடிச்சு, கட்டணம் கொடுத்து, பச்சை உடம்புக்காரியைக் கைக்குழந்தையோட சேரிக்கு வெளியே கொண்டு வந்து காட்டினாங்க. டாக்டர் வெப்பமானியை ஒரு முஸ்லிம்கிட்ட கொடுத்தார். அவர் கணவர்கிட்ட, கணவர் மனைவிகிட்ட. திரும்பி வந்ததும் அதே வழி. டாக்டர் அந்தப் பொம்பளையைத் தொடவே இல்லை. நிமோனியான்னு சொல்லிட்டுப் போயிட்டார். மறுபடி கூப்பிட்டபோது வரலை. அந்தப் பொம்பளை செத்துப் போனா.

அங்கே குடும்பம் என்ன முடிவு எடுத்திருக்க முடியும்? எல்லா முடிவையும் எடுத்தாங்க. படிச்ச மனுசன், சம்பளக்காரர், கட்டணத்தோட போய் நின்னார். இடையில நின்ன சாதி வேற முடிவை எடுத்துடுச்சு. இன்னைக்கு வெப்பமானி அப்படிக் கைமாறலை. ஆனா சொல் கைமாறுது. டாக்டர் நர்சுகிட்ட சொல்றார், நர்சு ஆயாகிட்ட, ஆயா தாய்கிட்ட. தாய்கிட்ட வந்து சேரும்போது "எழுதிக் கொடுத்துட்டுப் போ"ங்கிறது மட்டும்தான் மிஞ்சுது.

அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் அஞ்சு பிள்ளைங்க. நாலு பேர் சின்ன வயசுலயே போயிட்டாங்க. யஷ்வந்த் மட்டும்தான் மிஞ்சினார். ஒரு பிள்ளையோட உடம்பை மூடப் புதுத்துணி வாங்கக் காசில்லாம ரமாபாய் தன் சேலையைக் கிழிச்சுக் கொடுத்தாங்கன்னு சொல்வாங்க. கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். அப்ப அவர் லண்டன்ல பட்டம் வாங்கிட்டு வந்த பாரிஸ்டர். நம்ம அண்ணலும் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்தான். இதை நாம ஜெயந்தி மேடையில அதிகம் பேசறதில்லை.

*

இதுவரைக்கும் சொன்னதுக்குக் கைதட்டுவீங்க. அமைப்பு, சாதி, வறுமைன்னு சொன்னா நமக்கு வசதியா இருக்குது. இதுக்கு மேல சொல்லப்போறது எனக்கே வசதியில்லாதது.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. என்னை விட நாலு வயசு சின்னவ. எங்கப்பா லாரி பாடி கட்டுற பட்டறையில கூலி, அம்மா கோழிப்பண்ணையில. எனக்கு எட்டு வயசுல விசக்காய்ச்சல் வந்து குடல்ல ஓட்டை விழுந்துடுச்சு. ஆபரேசன். அம்மாவோட தோட்டை அடகு வச்சாங்க. அது மூழ்கிப் போச்சு. நான் பிழைச்சுக்கிட்டேன்.

அதுக்கு மூணு வருசம் கழிச்சுத் தங்கச்சிக்கு உடம்பு வீங்க ஆரம்பிச்சது. காலையில முகம் வீங்கும், சாயங்காலம் காலு வீங்கும். சிறுநீரகக் கோளாறுன்னாங்க. மாத்திரையில கேட்டது, மறுபடி வந்தது, மறுபடி கேட்டது. ஒரு கட்டத்துல, இனி மெட்ராசுக்குக் கொண்டு போங்க, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னாங்க. அப்பா எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தார். கையெழுத்துத் தெரியாது, ரேகைதான். அம்மா சேலையில அவர் மைவிரலைத் துடைச்சது எனக்கு ஞாபகம் இருக்குது. நாலு மாசத்துல அவ போயிட்டா.

இத்தனை வருசமா நான் கவிதையில வறுமையைத்தான் குற்றவாளிக் கூண்டுல ஏத்தினேன். போன பொங்கலுக்கு அம்மாகிட்ட முதல் தடவையா நேரா கேட்டேன். "எனக்குன்னா தோட்டை வச்சீங்க. அவளுக்கு ஏம்மா போகலை?" அம்மா சொன்னாங்க, "தோடு ஒரு சோடிதானே கண்ணு இருந்துச்சு." உண்மைதான். கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே சொன்னாங்க. "உனக்குக் கடன் கேட்டு உங்கப்பா ஏழு எடம் போனாரு. அவளுக்கு ஒரு எடம் போனாரு. இல்லைன்னதும் வந்துட்டாரு. நானும் போன்னு சொல்லலை."

தோழர்களே, ஏழு இடத்துக்கும் ஒரு இடத்துக்கும் நடுவுல இருக்கிற ஆறு இடம்... அதை எந்த அரசு மேல போடுறது? எந்த ஆதிக்க சாதி மேல போடுறது? அது எங்க வீட்டுக்குள்ள எடுத்த முடிவு. நான் உயிரோட நின்னு பேசறதும் அதே வீட்டோட முடிவு. இந்த மாவட்டம் 1997 வரைக்கும் சேலத்தோட இருந்துச்சு. அந்தச் சேலத்துலதான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டி வந்துச்சு. பெண்சிசுக் கொலை மத்த சாதிக்காரங்க பழக்கம், நம்மகிட்ட இல்லைன்னு நாம சொல்லிக்கிறோம். கொல்றது இல்லாம இருக்கலாம். ரெண்டாவது இடத்துக்குக் கடன் கேட்கப் போகாம இருக்கிறது இருக்குதே, அதுக்கு என்ன பேரு?

இன்னொண்ணும் சொல்லணும். அந்த நாலு மாசமும் என் தங்கச்சி ஒரே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்தா: "மெட்ராசுக்கு எப்பம்மா போறோம்?" அவ ரயில் ஏறினதில்லை. டாக்டர் மெட்ராசுன்னு சொன்னதை அவளும் கேட்டிருக்கா. அவளைப் பத்தின பேச்சுதானே. "அடுத்த வாரம்"னு சொல்லி வச்சோம். நானும் சொன்னேன். போகப் போறதில்லைன்னு அவளுக்கு யாரும் சொல்லலை. உனக்கு என்ன வேணும்னு யாரும் கேட்கலை. பிள்ளையோட வயசுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கபடி அவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும்னு அந்த ஐ.நா. உடன்படிக்கையோட 12ஆவது பிரிவு சொல்லுது. நாங்க உடன்படிக்கை படிக்காதவங்க, சரி. ஆனா ஏழு வயசுப் பிள்ளைகிட்ட உண்மை பேசறதுக்குக் காசு தேவையா? அது ஒண்ணுதான் எங்ககிட்ட முழுசா இருந்த அதிகாரம். அதைக் கூட நாங்க பயன்படுத்தலை.

அதனால நான் சொல்ல வர்றது இதுதான். நம்ம பெத்தவங்க கையில முடிவெடுக்கிற வழியைக் கொடுக்காம, முடிவோட பாரத்தை மட்டும் இறக்கி வைக்கிறாங்க. அது அநீதி. அதை எதிர்த்துச் சண்டை போடணும். ஆனா எல்லாத்தையும் பிடுங்கின பிறகும் நம்ம கையில ஒரு சாண் இடம் மிஞ்சுது. அந்த ஒரு சாண் இடத்துக்கு நாமதான் பதில் சொல்லணும். பிள்ளைக்குப் பதில் சொல்லணும். முதல் பாதியை மட்டும் பேசினா அது இயக்கப் பேச்சு. ரெண்டாவதை மட்டும் பேசினா அது மேல்சாதிக்காரங்க நமக்குச் சொல்ற புத்திமதி. 2019இல் ராசிபுரத்துக் குழந்தை விற்பனை வழக்கு வந்தபோது கொல்லிமலைத் தாய்மாரை எப்படிப் பேசினாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் குரல் நமக்கு வேண்டாம். ரெண்டையும் ஒரே வாயில பேசப் பழகணும்.

*

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் சொல்ல எனக்குத் தெரியாது. கணக்குப் பிள்ளை புத்தியில சிலது சொல்றேன்.

காப்பீடு இருக்குது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. 2008இல் இருந்து 108 ஓடுது. 2022இல் நாமக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துடுச்சு. இதெல்லாம் என் தங்கச்சி காலத்துல இல்லாதது. ஆனா காப்பீடு தாயோட கூலியைத் தராது, வீட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்குச் சோறு போடாது. பிள்ளையோட தங்குற ஒருத்தருக்கு அந்த நாட்களுக்குக் கூலி ஈடு வேணும்னு நாம கேட்கணும். அரசு தர்ற வரைக்கும் ஊரே அந்த வீட்டுக் காட்டுல கிழங்கு பிடுங்கிக் கொடுக்கணும். மாத்தாள் வேலை செய்யறது உங்களுக்குப் புதுசு இல்லையே.

எந்தப் பிள்ளையையும் கைநாட்டு வாங்கி அனுப்புறதுக்கு முன்னால, வீட்டார் சொல்ற காரணத்தை அவங்க சொன்ன வார்த்தையிலேயே எழுதணும்னு கேட்போம். "பணமில்லை", "வீட்டுல ஆளில்லை", "பயமா இருக்குது"ன்னு எழுதட்டும். நூறு சீட்டுல அப்படி எழுதினா அது புள்ளிவிவரம் ஆயிடும். இப்ப எல்லாத்துக்கும் "சொந்தப் பொறுப்பில்"னு ஒரே காரணம்தான். அஞ்நூறு ரூபாய்க்கு வங்கியில படிச்சுச் சொல்ற மாதிரி, அந்தக் காகிதத்தையும் படிச்சுச் சொல்லட்டும்.

நீங்க படிச்ச பிள்ளைங்க, ஆளுக்கு ஒரு குடும்பத்தோட கீழே இறங்குங்க. டாக்டர் சொல்றதைக் கேட்டு, மூணு தடவை கேள்வி கேட்டு, தாய்க்கு எடுத்துச் சொல்லுங்க. அந்த முடிவை நீங்க எடுக்காதீங்க. தாய் எடுக்கிற முடிவுக்குப் பக்கத்துல நில்லுங்க. சில நோயில வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுதான் சரியான முடிவா இருக்கும். எல்லா நோயும் தீராது. பிள்ளையை மிசின்ல கட்டிப் போடாம மடியில வச்சுக்கிறது குற்றம் இல்லை. ஆனா வலி தெரியாம இருக்க மருந்து வேணும், வந்து பார்க்க ஆள் வேணும். 2021இல் கிருஷ்ணகிரியில தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து வலி தணிக்கிற சேவையும் உண்டு. அது கடைசி வீடு வரைக்கும் ஏறி வருதான்னு பாருங்க. வரலைன்னா போய்க் கேளுங்க.

அப்புறம், பெண்பிள்ளையா இருந்தா, "எத்தனை எடத்துல கேட்டுப் பார்த்தீங்க?"ன்னு அப்பாகிட்ட கேளுங்க. கோபப்படுவார். பரவாயில்லை, கேளுங்க.

வளப்பூர்ப் பக்கத்து அம்மா போன மாசம் மறுபடி கிளைக்கு வந்தாங்க. பையனும் கூட வந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாங்களாம். கொழுந்தன் பொண்டாட்டி மத்த பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டாளாம். பையனுக்கு இன்னும் சரியாகலை. மாசாமாசம் ரத்தம் ஏத்தணுமாம். "எத்தனை மாசம் ஏத்துவீங்கம்மா?"ன்னு நான் கேட்கலை. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லைன்னு இந்தத் தடவை தெரிஞ்சது. மைப்பெட்டியை நகர்த்தி வச்சேன். ரேகை வச்சுட்டு விரலைச் சேலையில துடைக்கப் போனாங்க. மேசையில கிடந்த துணியை எடுத்துக் கொடுத்தேன். பையன் தானும் வைக்கணும்னு விரலை நீட்டினான். ஒரு வெத்துத் தாளைப் போட்டு, வைடான்னேன்.

அந்தத் தாளை நான் இன்னும் தூக்கிப் போடலை.